பாதி மோட்டார், பாதி மூச்சு

மலைச் சைக்கிளில் மின்சாரம் சேர்ந்ததால் மேடு குறைந்துவிடவில்லை. பாரம்தான் இடம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தின் கணக்கைப் போடாமல் வண்டி வாங்குபவர்கள் பாதி மலையில் நின்றுவிடுகிறார்கள்.

லடாக்கின் லே நகரில் கோடைக் காலை நேரங்களில் வழக்கமாக ஒரு காட்சியைக் காணலாம். வாடகைக்கு எடுத்த மலைச் சைக்கிள்களை ஜீப்பின் கூரை மேல் அடுக்கிக் கயிற்றால் கட்டுகிறார்கள். சைக்கிள் ஓட்ட வந்தவர்கள் ஜீப்புக்குள் ஏறி உட்காருகிறார்கள். வண்டி கர்துங் லா கணவாயை நோக்கிக் கிளம்புகிறது. உச்சியில் சூடாக ஒரு தேநீர், பலகைக்கு முன்னால் ஒரு புகைப்படம். அதன் பிறகு சைக்கிள்கள் இறக்கப்படுகின்றன. 39 கி.மீ. தூரமும் ஒரே இறக்கம். ஏற்றத்தை ஜீப் பார்த்துக்கொண்டது, இறக்கத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது. சைக்கிளோட்டிக்கு மிஞ்சியிருக்கும் வேலை பிரேக் பிடிப்பது மட்டுமே.

அதே சாலையில் இப்போது இன்னொரு வகை ஆட்களும் தென்படத் தொடங்கியிருக்கிறார்கள். இவர்களும் சாதாரண உடல்வாகு கொண்டவர்கள்தான். பந்தய வீரர்கள் அல்ல. ஆனால் ஜீப்பில் ஏறாமல் தாங்களே மிதித்து ஏறுகிறார்கள். அவர்களுடைய சைக்கிளின் சட்டம் வழக்கத்தைவிடக் கனமாக இருக்கிறது. பெடலை மிதிக்கும்போது மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. கைப்பிடியில் உள்ள சின்னத் திரையில் ஓர் எண் இறங்கிக்கொண்டே வருகிறது. பேட்டரியில் மீதமிருக்கும் மின்சாரத்தின் சதவீதம் அது.

மின் மலைச் சைக்கிளை வைத்திருப்பவரின் வாழ்க்கை அந்த எண்ணைச் சுற்றியே நடக்கிறது. ‘மோட்டார் இருக்கிறது, மலை ஏறிவிடலாம்’ என்று நினைப்பவர் ஏமாந்துபோகிறார். ‘மோட்டார் வைத்த பிறகு அது சைக்கிளே இல்லை’ என்று உதட்டைப் பிதுக்குபவரும் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இரண்டுக்கும் நடுவில்தான் இந்த வண்டி ஓடுகிறது.

லாரியில் பிறந்த சைக்கிள்

ஏற்றத்துக்கு ஜீப்பை நம்பும் வழக்கம் லேயில் தொடங்கியதல்ல. சொல்லப்போனால் மலைச் சைக்கிள் பிறந்ததே அப்படித்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரீன் பகுதி மலைகளில் 1970களில் இளைஞர்கள் சிலர் தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து வாங்கினார்கள். 1930கள், 40களைச் சேர்ந்த, பத்திரிகை போடும் பையன்கள் ஓட்டிய கனமான வண்டிகள் அவை. அவற்றை மலை மேல் மிதித்துக்கொண்டு போவது நடக்காத காரியம். எனவே லாரியில் ஏற்றியோ தள்ளிக்கொண்டோ உச்சிக்குப் போய், அங்கிருந்து மண் சாலையில் கண்மண் தெரியாமல் கீழே பாய்ந்தார்கள்.

1976 அக்டோபரில் இந்தப் பாய்ச்சல் முறையான பந்தயமானது. ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகிலுள்ள அந்தச் சரிவு சுமார் 3.4 கி.மீ. நீளம், 400 மீட்டர் இறக்கம் கொண்டது. பந்தயத்தின் பெயர் ‘ரீபேக்’. பின்சக்கரத்தின் அச்சுக்குள் இருந்த பிரேக் ஒரே இறக்கத்தில் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் உருகிப் புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர் அது.

பந்தயத்தை நடத்திய சார்லி கெல்லி, அதில் ஓடிய கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சட்டம் செய்வதில் கைதேர்ந்த டாம் ரிச்சி ஆகியோர்தான் பின்னர் இந்தப் பழைய இரும்பைப் புதிய வாகனமாக மாற்றினார்கள். பல பற்சக்கரங்களும் நல்ல பிரேக்கும் வந்தன. பிரீஸ் 1977இல் மலைக்கென்றே தனியாக ஒரு சைக்கிளைச் செய்தார். ஃபிஷரும் கெல்லியும் 1979இல் விற்பனை நிறுவனம் தொடங்கினார்கள். 1996இல் அட்லாண்டாவில் மலைச் சைக்கிள் ஒலிம்பிக் விளையாட்டாகவே ஆகிவிட்டது. லாரி இல்லாமல் மேலே ஏற முடிந்ததற்குக் காரணம் பற்சக்கரங்கள். அந்த வகையில் பார்த்தால் மோட்டார் இரண்டாவது உதவி. முதல் உதவியைப் பற்சக்கரம் எப்போதோ செய்துவிட்டது.

இருந்தாலும் ‘ஏமாற்று வேலை’ என்ற குற்றச்சாட்டு மோட்டாரை மட்டும் துரத்துகிறது. அதற்கு வலுவான காரணமும் உண்டு. பெல்ஜியத்தின் சோல்டரில் 2016இல் நடந்த சைக்ளோகிராஸ் உலகப் போட்டியில் ஃபெம்கே வான் டென் டிரிஸ்ஷே என்ற இளம் வீராங்கனைக்கென வைக்கப்பட்டிருந்த சைக்கிளின் சட்டத்துக்குள் மறைத்துவைத்த மோட்டார் பிடிபட்டது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் அவரை ஆறாண்டு தடை செய்தது. இது நடந்து மூன்றே ஆண்டுகள். 2019இல் கனடாவின் மோன்-சான்ட்-ஆனில் அதே சம்மேளனம் மின் மலைச் சைக்கிளுக்கென்று உலகச் சாம்பியன் போட்டியை நடத்தியது. தென்னாப்பிரிக்காவின் ஆலன் ஹேதர்லியும் சுவிட்சர்லாந்தின் நதாலி ஷ்னைட்டரும் வானவில் பட்டை போட்ட சாம்பியன் சட்டையை அணிந்தார்கள். மறைத்து வைத்த மோட்டாருக்குத் தண்டனை, எல்லோரும் வெளிப்படையாக வைத்திருந்த மோட்டாருக்குப் பரிசு. குற்றம் மோட்டாரில் இல்லை, மறைத்ததில் இருந்தது என்று சம்மேளனம் சொல்லாமல் சொல்லியது.

மோட்டார் இருந்தால் உடம்புக்கு வேலையே இருக்காது என்பதும் பாதி உண்மைதான். அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட சிறு ஆய்வொன்றில், அனுபவமுள்ள 33 மலைச் சைக்கிளோட்டிகளை ஒரே பாதையில் இரண்டு வகைச் சைக்கிள்களிலும் ஓட்டச் செய்தார்கள். மின் சைக்கிளில் அவர்களின் சராசரி இதயத் துடிப்பு, சாதாரண சைக்கிளில் இருந்ததில் 94 சதவீதம். இதயம் ஏறக்குறைய அதே வேலையைச் செய்தது. ஆனால் ஓட்டியவர்களுக்கு அவ்வளவு உழைத்தது போலத் தோன்றவில்லை. முழங்கால் வலியாலோ வயதாலோ மலைப் பக்கமே போகாமல் இருந்தவர்களுக்கு இந்த வண்டி நம்பிக்கை தருவது இதனால்தான். ஆபத்து ஒளிந்திருப்பதும் இதே இடத்தில்தான். உழைப்பது தெரியாமலே உழைக்கும் இதயம், மலை மேல் எவ்வளவு தூரம் போகலாம் என்று எச்சரிக்கை செய்வதில்லை.

சக்கரத்திலா, பெடலிலா?

கால் மிதிக்கும்போது மட்டும் கைகொடுக்கும் மோட்டாரை ஜப்பானின் யமஹா நிறுவனம் 1993இல் ‘பாஸ்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது ஊர்ச் சாலைக்கான சைக்கிள். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் பெடல் அச்சில் பொருத்தும் மோட்டாரை உருவாக்க, அதே நாட்டின் ஹைபைக் நிறுவனம் 2010இல் அதைத் தனது மலைச் சைக்கிளில் வைத்துக் காட்டியது. மின்சாரம் மலையேறிய கதை அங்கிருந்துதான் வேகம் பிடித்தது.

இந்தியக் கடைகளில் ‘எலெக்ட்ரிக் எம்.டி.பி.’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கின்றன. முதல் வகை, ஹீரோ லெக்ட்ரோ, புனேயின் இ-மோட்டோராட் போன்ற உள்நாட்டு நிறுவனங்களுடையது. பெரும்பாலும் ரூ. 30,000 முதல் ரூ. 60,000 வரை விலை. பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் இருக்கும். இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் ஆக்டன் போல்ட்டன் 1895இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். இரண்டாவது வகை வெளிநாட்டு வண்டிகள். மோட்டார் பெடல் அச்சில் இருக்கும். விலை சில லட்சங்கள்.

விலையில் மட்டுமல்ல, மலையில் நடந்துகொள்ளும் விதத்திலும் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. சக்கரத்தில் உள்ள மோட்டார் சக்கரத்தின் வேகத்திலேயே சுழன்றாக வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுழலும்போது மோட்டாருக்குள் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. மோட்டார் சூடேறுகிறது, பேட்டரி கரைகிறது. பெடல் அச்சில் உள்ள மோட்டாரின் விசையோ சங்கிலி வழியாகப் போவதால், கால்களைப் போலவே அதுவும் பற்சக்கரங்களைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஓட்டுபவர் சிறிய கியருக்கு மாறினால் மோட்டாரும் நிம்மதியாகச் சுழல்கிறது.

இன்னொரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஓட்டினால்தான் தெரியும். மலிவான வண்டிகள் பலவற்றில் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் அறியும் உணர்கருவி இருக்கிறது. பெடல் சுற்றியதும் மோட்டார் மொத்தமாகத் தள்ளும், நிறுத்தினால் மொத்தமாக ஓயும். விலையுயர்ந்தவற்றில் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதையே அளக்கிறார்கள். அழுத்தினால் அதிகமாகவும் தளர்த்தினால் குறைவாகவும் தள்ளும். தார்ச் சாலையில் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், நடுவில் சரளைக் கல் என்று இருக்கும் இடத்தில், கேட்காமல் ஒரு விநாடி கூடுதலாகத் தள்ளும் மோட்டார் ஆளைக் கீழே சாய்த்துவிடும்.

தடித்த டயரும் முன்பக்கம் ஸ்பிரிங்கும் இருப்பதால் மட்டும் ஒரு வண்டி மலைக்கு ஏற்றதாகிவிடாது. ஊருக்குள் குண்டும் குழியுமான சாலையில் அலுவலகம் போய்வர உள்நாட்டு வண்டி நல்ல துணை. உண்மையில் அதை வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள். சிக்கல், விளம்பரத்தில் உள்ள பனிமலைப் படத்தை நம்புபவர்களுக்குத்தான்.

மலைக் கணக்கு

மீண்டும் கர்துங் லாவுக்குப் போவோம். எல்லைச் சாலைகள் அமைப்பின் பழைய பலகை அதன் உயரத்தை 18,380 அடி என்று பறைசாற்றியது. பின்னர் அளந்ததில் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடிதான் என்று தெரிந்தது. உலகிலேயே உயரமான வாகனச் சாலை என்ற பெருமையும் 2021இல் கின்னஸ் சான்றிதழோடு 19,024 அடி உயர உம்லிங் லாவுக்குப் போய்விட்டது. ஆனால் மூச்சு வாங்குபவருக்கு இந்தத் திருத்தங்களால் எந்த ஆறுதலும் இல்லை. லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏற வேண்டியது ஏறத்தாழ 1,850 மீட்டர்.

இதற்கு எவ்வளவு சக்தி வேண்டும்? 70 கிலோ எடையுள்ள ஒருவர், 24 கிலோ சைக்கிள், 6 கிலோ மூட்டை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 100 கிலோ. இதை 1,850 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 500 வாட்-மணி தேவை. டயர் தரையில் உருள்வதால் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 630 வாட்-மணி. யார் ஏறினாலும், எதில் ஏறினாலும் மலை கேட்கும் விலை இது. இதில் பேரம் கிடையாது. கால் எவ்வளவு கொடுக்கிறது, பேட்டரி எவ்வளவு கொடுக்கிறது என்று பங்கு பிரிப்பது மட்டுமே சைக்கிளோட்டியின் கையில் இருக்கிறது.

ஒருவர் நிதானமாக மணிக்கு 9 கி.மீ. வேகத்துக்குள் ஏறுகிறார், நாலரை மணி நேரமும் 90 வாட் அளவுக்கு மிதிக்கிறார் என்று கொள்வோம். சுமார் 400 வாட்-மணியை அவர் கால்களே கொடுத்துவிடும். மீதியை மோட்டார் தர வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து 300 வாட்-மணி போல எடுக்கும். 500 வாட்-மணி பேட்டரி உள்ளவர் உச்சியை அடையும்போது கையிருப்பும் இருக்கும்.

அதே ஆள் ‘டர்போ’ பொத்தானை அழுத்திவிட்டு, பெயருக்குக் காலை ஆட்டிக்கொண்டு மணிக்கு 13 கி.மீ. வேகத்தில் ஏறினால்? அவர் பங்கு 40 வாட்டாகக் குறைந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பேட்டரி 16 வாட்-மணிக்கு மேல் இழக்கும். 500 வாட்-மணி பேட்டரி 30 கி.மீ. சொச்சத்தில் காலி. 24ஆவது கி.மீட்டரில் உள்ள சவுத் புல்லு சோதனைச் சாவடியைத் தாண்டியிருப்பார். உச்சிக்கு இன்னும் 9 கி.மீ. இருக்கும். உள்நாட்டு வண்டிகளில் காணப்படும் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணிப் பேட்டரி என்றால் 360 வாட்-மணிதான். அது சாவடிக்கே போய்ச் சேராது. இதெல்லாம் புதிய பேட்டரிக்கு, இதமான வானிலையில் போட்ட கணக்கு. குளிரில் லித்தியம் பேட்டரி தரும் மின்சாரம் குறையும். அதைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்வதும் கூடாது.

சவுத் புல்லுவுக்கு மேலே பேட்டரி தீர்ந்தவரின் நிலை, சாதாரண சைக்கிளில் வந்தவரின் நிலையைவிட மோசம். இப்போது அவரிடம் இருப்பது வழக்கத்தைவிடப் பத்துக் கிலோ கூடுதலான சைக்கிள். சுற்றிலும் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை நெருங்கிக்கொண்டிருக்கிறது. மோட்டாருக்கு ஆக்சிஜன் தேவையில்லை, அதை நம்பி வந்தவருக்குத் தேவை. சமவெளியில் சாதாரணமாகத் தோன்றும் 90 வாட் அங்கே நெஞ்சை அடைக்கும். லேயில் இரண்டு மூன்று நாள் தங்கி உடலைப் பழக்காமல் இந்தச் சாலையில் ஏறுவது, ஜீப்பில் போனாலும் மின் சைக்கிளில் போனாலும் உயிரோடு விளையாடுவது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சமிருந்தாலும் கீழே இறங்குவதுதான் வைத்தியம்.

இறக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கீழே வரும்போது பேட்டரி தானாக நிறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெடல் அச்சில் மோட்டார் உள்ள வண்டியில் அது நடக்காது. இறக்கத்தில் பின்சக்கரம் தனியாகச் சுழலும், மோட்டார் சும்மா இருக்கும். ஏறும்போது சேர்த்த அந்த 500 வாட்-மணியும் காற்றிலும் பிரேக் தகட்டின் சூட்டிலும் கரைந்து போகும். ரீபேக் இளைஞர்களின் கிரீஸை உருக்கிய அதே வெப்பம்தான் இது. வண்டி கனம் என்பதால் இங்கே கூடுதல். ஆகவே நல்ல தகடு பிரேக்கும் தேயாத பிரேக் கட்டைகளும் இல்லாமல் மலைப் பக்கம் போவது தற்கொலைக்குச் சமம். மோட்டாரின் திறனைப் பற்றி மணிக்கணக்கில் விசாரிப்பவர்கள் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.

சட்டத்துக்கு இது சைக்கிள்

இந்தியச் சட்டம் மின் சைக்கிளுக்குத் தாராளமாகவே இடம் கொடுத்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருந்து, 25 கி.மீ. வேகத்தை எட்டும்போது மோட்டாரின் உதவி நின்றுவிடுமானால், அந்தச் சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல. பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் வேண்டாம், பதிவு எண் வேண்டாம். ஐரோப்பாவிலும் 250 வாட், 25 கி.மீ. என்பதே எல்லை. அமெரிக்காவில் 750 வாட், மணிக்கு 32 கி.மீ. என்று தாராளம் காட்டுகிறார்கள்.

வரி விஷயத்தில் வேடிக்கை ஒன்று நடந்தது. 2019 ஆகஸ்ட் முதல் மின் வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மின் சைக்கிளும் அதில் அடங்கும். காலால் மட்டும் ஓட்டும் சைக்கிளுக்கோ 12 சதவீதம். முழுக்க வியர்வை சிந்துபவர் அதிக வரி கட்டும் இந்த நிலை 2025 செப்டம்பரில்தான் சரிசெய்யப்பட்டது. இப்போது இரண்டுக்கும் 5 சதவீதம். டெல்லி அரசு ஒரு படி மேலே போய் 2022இல், முதல் 10,000 மின் சைக்கிள்களுக்குத் தலா ரூ. 5,500 மானியம் அறிவித்தது.

சாலையில் தீர்ந்த கேள்வி, பாதையில் தீரவில்லை. அமெரிக்காவில் உள்துறை அமைச்சகம் 2019 ஆகஸ்டில், சைக்கிள் அனுமதிக்கப்படும் தேசியப் பூங்காப் பாதைகளில் மின் சைக்கிளையும் அனுமதிக்கலாம் என்று ஆணையிட்டதும் நடைப்பயணிகளிடமிருந்து பலத்த எதிர்ப்பு கிளம்பியது. மண் அரிக்கும் என்பது ஒரு வாதம். சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் ஆரிகான் மாநிலத்தில் நடத்தி 2015இல் வெளியிட்ட சோதனையில், மின்சாரம் உள்ளது, இல்லாதது இரண்டுக்கும் மண் அரிப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மோட்டார் சைக்கிள்தான் மண்ணைக் கிளறியது. ஆனால் நடப்பவர்களின் உண்மையான கவலை மண்ணைப் பற்றியதல்ல. முன்பு யாரும் ஏறி வராத பாதையில் இனிக் கூட்டம் வரும், அதுவும் வேகமாக வரும் என்பதுதான்.

இந்தியாவில் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வருகிறது. இமயத்தில் உள்ள ஒற்றையடிப் பாதைகள் பொழுதுபோக்குக்காக வெட்டப்பட்டவை அல்ல. ஆடு மேய்ப்பவரும் கோவேறு கழுதைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடக்கும் ஊர் வழிகள் அவை. 2005இல் தொடங்கிய எம்.டி.பி. ஹிமாலயா பந்தயம் ஹிமாச்சலப் பிரதேசத்தின் இத்தகைய வழிகளைச் சைக்கிளோட்டிகளுக்கு அறிமுகப்படுத்தியது. ஆண்டுக்கு ஒருமுறை சில டஜன் பேர் கடந்து போவது வேறு, தினமும் வாடகை மின் சைக்கிள்கள் வருவது வேறு. சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் நுழைய 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையின் அனுமதி வேண்டும். வண்டிக்கு உரிமம் தேவையில்லை என்பதால் காட்டுக்கும் அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது. மற்ற இடங்களில் எழுதாத சட்டம் ஒன்றே. சுமையோடு வரும் மிருகத்துக்கும் மனிதருக்கும் முதல் வழி, சைக்கிளுக்குக் கடைசி வழி. ஏற்றத்திலும் சத்தமின்றி வரும் வண்டி என்பதால் மணியடிக்க மறக்கக் கூடாது. மிரளும் கழுதைக்கு அருகில் மணியும் கூடாது, இறங்கி நிற்பதே மரியாதை.

சுண்டைக்காய் கால் பணம்

மின் சைக்கிள் விற்பவர்கள் முதலில் சொல்வது ஓட்டும் செலவைத்தான். அதில் பொய்யில்லை. 360 வாட்-மணிப் பேட்டரியை நிறைக்க அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. யூனிட் 7 ரூபாய் என்றாலும் மூன்று ரூபாய் சில்லறை. ஆனால் அந்தப் பேட்டரி 500 முதல் 1,000 தடவை வரை நிறைத்துக் காலி செய்யும் வரைதான் நல்லபடி உழைக்கும். மாற்றுப் பேட்டரி 15,000 ரூபாய் என்று வைத்து, 500 தடவை என்று கணக்கிட்டால் ஒவ்வொரு முறைக்கும் தேய்மானம் 30 ரூபாய். மின்சாரத்தைப் போலப் பத்து மடங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். இறக்குமதி வண்டி என்றால் பேட்டரிக்கே ஓர் உள்நாட்டு மின் சைக்கிளின் விலை ஆகும். ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றில் பொருந்துவதும் இல்லை. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அந்த மாதிரிக்குப் பேட்டரி கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்பவர் புத்திசாலி.

சங்கிலியும் பற்சக்கரமும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தேயும். பெடல் அச்சு மோட்டார் வைத்த வண்டியில் காலின் விசையோடு மோட்டாரின் விசையையும் சங்கிலியே தாங்குகிறது. சேற்றைக் கழுவும்போது பீய்ச்சியடிக்கும் தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்தினால் மோட்டாரின் மூட்டுகளுக்குள் ஈரம் புகும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பவர்கள் பேட்டரியை முழுதும் நிறைத்தோ முழுதும் காலியாகவோ விடக் கூடாது. பாதிக்குச் சற்று மேல் இருப்பது நல்லது. தெருமுனை சைக்கிள் கடைக்காரர் பஞ்சரும் பிரேக்கும் பார்ப்பார். திரையில் பிழை எண் தோன்றி மோட்டார் நின்றுவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குரிய மடிக்கணினியும் மென்பொருளும் நிறுவனத்தின் சேவை மையத்தில்தான் இருக்கும். அந்த மையம் பெரும்பாலும் பெருநகரில் இருக்கும், வண்டி நிற்பதோ மலையில்.

வெளியூர் கொண்டுபோவதில் பெரிய முட்டுக்கட்டை விமானம். பயணி தன்னோடு எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். விமான நிறுவனத்தின் அனுமதி பெற்றால் 160 வரை போகலாம். அதற்கு மேல் கிடையாது. மலைச் சைக்கிளின் பேட்டரி அதைப் போல இரண்டு முதல் ஐந்து மடங்கு. டெல்லியிலோ பெங்களூரிலோ சொந்த மின் சைக்கிள் வைத்திருப்பவர் அதை லேவுக்கு விமானத்தில் எடுத்துப்போக முடியாது. சைக்கிள் போகலாம், பேட்டரி போகாது. தரை வழியாக அனுப்ப வேண்டும், அல்லது அங்கேயே வாடகைக்கு எடுக்க வேண்டும்.

விமான நிறுவனங்களின் பயம் வீண் பயமல்ல. நியூயார்க் நகரில் 2023இல் மட்டும் லித்தியம் பேட்டரிகளால் 268 தீ விபத்துகள் நேர்ந்தன. 18 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மின் சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றின் பேட்டரிகள். தரச் சான்று இல்லாதவற்றை விற்க அந்நகரம் அதே ஆண்டு தடை விதித்தது. இந்திய வீட்டுக்கும் இதில் பாடம் உண்டு. வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். வாசலை மறித்துக்கொண்டோ படுக்கையறையிலோ இரவு முழுக்கச் சார்ஜ் போடக் கூடாது. விழுந்து நசுங்கிய அல்லது உப்பிப்போன பேட்டரியை உள்ளூர்க் கடையில் பிரித்து ஒட்டவைப்பது ஆபத்து. ஆயுள் முடிந்த பேட்டரியைக் காயலான் கடையில் போடவும் கூடாது. 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற வழி செய்ய வேண்டியது உற்பத்தியாளரின் பொறுப்பு.

இத்தனைக்குப் பிறகும் இந்த வண்டியை வாங்கலாமா? மேட்டைக் கண்டு ஒதுங்கியவருக்கு, ஒன்றாக ஓட்டிய கணவன் மனைவியில் ஒருவர் பின்தங்கத் தொடங்கிய வீட்டுக்கு, மருத்துவர் நடக்கச் சொன்னாலும் முழங்கால் ஒத்துழைக்காதவருக்கு இதைவிட நல்ல துணை குறைவு. அவர்களில் பெரும்பாலோருக்கு கர்துங் லா தேவையில்லை. ஊருக்கு வெளியே உள்ள ஒரு குன்று போதும். இதய நோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஏறினால் போதும். மிகக் குறைந்த உதவி நிலையில் ஏறிப் பழகியவருக்குப் பேட்டரியும் நீடிக்கிறது, உடம்பும் தேறுகிறது.

லேயில் காலை ஜீப்கள் இன்னும் கிளம்பிக்கொண்டுதான் இருக்கின்றன. சொந்தமாக மிதித்து ஏறுபவர்களோடு ஒப்பிட்டால் கூரை மேல் போகும் சைக்கிள்களே அதிகம். ஆனால் சவுத் புல்லுவைக் கடந்து, திரையில் பாதிக்கு மேல் சதவீதம் மிச்சம் வைத்துக்கொண்டு மெதுவாக மிதித்துப் போகிறவரைப் பார்த்தால் தெரியும், அவர் மலையை ஏமாற்றவில்லை. மலை கேட்ட விலையைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார், இரண்டு பைகளிலிருந்து. அதில் ஒரு பை காலியானால் மறுபடி நிரப்ப அங்கே மின்செருகி கிடையாது. இன்னொன்றை நிரப்பச் சாலையோரத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.